திறந்த காரும் உப்புக் காற்றும்

செருப்புக் கடையில் தரும் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு, இரு முனைகளையும் இரு கைகளால் பற்றி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் எதிரெதிர்த் திசைகளில் முறுக்குங்கள். பெட்டி எளிதில் கோணிக்கொள்ளும். இப்போது மூடியைப் பொருத்தி, விளிம்பைச் சுற்றிலும் பசைநாடா ஒட்டிவிட்டு மீண்டும் முறுக்கிப் பாருங்கள். அட்டை அதே அட்டைதான். கையும் அதே கைதான். ஆனால் பெட்டி இப்போது அசைந்துகொடுக்க மறுக்கும்.

காரின் கூரை வெயிலையும் மழையையும் தடுப்பதற்காக மட்டுமே வைக்கப்பட்டது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில், பெரும்பாலான கார்களில் கூரை என்பது மேலே சொன்ன பெட்டியின் மூடியாகும். தரைத்தகடு, முன்சுவர், தூண்கள், கூரை ஆகிய அனைத்தும் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டு, சுமையைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. கூரையை எடுத்துவிட்டால், அது சுமந்த பங்கை வேறோர் உறுப்பு சுமந்துதான் ஆகவேண்டும். அந்த உறுப்பு எது? அது இன்னும் நல்ல நிலையில் இருக்கிறதா? பழைய திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்விகள் இவையே. எஞ்சினுக்கு எத்தனை குதிரைத்திறன் என்பது அதற்குப் பிறகு வரட்டும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் எங்களுக்கு இக்கேள்வி சற்று அவசரமானது. கிழக்கே சில கி.மீ. சென்றால் தேவனாம்பட்டினம் கடற்கரை. வடக்கே புதுச்சேரி இருபத்தைந்து கி.மீ.கூட இல்லை. விடுமுறை நாட்களில் சிதம்பரம், பிச்சாவரம் என்று தெற்கு நோக்கி விரையும் கூரையில்லாக் கார்கள் எப்போதாவது கண்ணில் படும். பார்க்கும் இளைஞர்களுக்கு ஆசை பிறப்பதில் வியப்பில்லை.

என்னிடம் படித்த மாணவர் ஒருவருக்கும் அந்த ஆசை பிறந்தது. வளைகுடா நாட்டில் நான்காண்டுகள் உழைத்துச் சேர்த்த பணம் அவரிடம் இருந்தது. வீட்டுக்கு மாடி எடுப்பதற்கென்று வைத்திருந்த பணம் அது. இங்கிலாந்தில் செய்த, ஐம்பது வயதைக் கடந்த, இரண்டு இருக்கைகள் கொண்ட திறந்த கார் ஒன்றை விலை பேசிவிட்டு, முன்பணம் கொடுப்பதற்கு முதல்நாள் மாலை என் வீட்டுக்கு வந்தார்.

“எஞ்சின் அப்படியே பேசுது சார். ஒரு சொட்டு ஆயில் ஒழுகல. பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருக்கு.”

“கதவுக்குக் கீழே தட்டிப் பார்த்தியாப்பா?” என்று கேட்டேன். அவர் விழித்தார். அந்த விழிப்புக்கான விளக்கமே இக்கட்டுரை எனலாம்.

பிளந்த குழாய்

வரைபடத்தாள் ஒன்றைக் குழாயாகச் சுருட்டி, விளிம்பை நன்றாக ஒட்டி முறுக்கிப் பாருங்கள். பிறகு கத்திரிக்கோலால் குழாயை நீளவாக்கில் ஒரே ஒரு வெட்டு வெட்டிவிட்டு முறுக்குங்கள். தாளின் அளவு சிறிதும் குறையவில்லை. ஆனாலும் குழாய் துவண்டுவிடும்.

எவ்வளவு துவளும் என்பதைக் கணக்கிடலாம். மூடிய மெல்லிய குழாயில், முறுக்கத்தை எதிர்க்கும் திறன் ஆரத்தின் முப்படியையும் தகட்டின் தடிமனையும் பொறுத்தது. பிளந்த குழாயிலோ அது ஆரத்தின் முதற்படியையும் தடிமனின் முப்படியையும் பொறுத்தது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், ஆரத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தின் இருபடியைப்போல் மூன்று மடங்கு என்ற விடை கிடைக்கும். ஆரம் 5 செ.மீ., தகட்டின் தடிமன் 1 மி.மீ. என்று கொள்வோம். விகிதம் 50. ஆகவே மூடிய குழாய், பிளந்த குழாயைவிட 3 × 50 × 50, அதாவது 7,500 மடங்கு விறைப்பானது!

இதன் காரணம் எளிது. மூடிய குழாயில் முறுக்கத்தை எதிர்க்கும் விசை, சுவரைச் சுற்றி ஒரு வளையமாக ஓடுகிறது. அதற்குக் கிடைக்கும் நெம்புகோல் கை, குழாயின் ஆரம். பிளவு விழுந்ததும் வளையம் அறுபடுகிறது. விசை அந்த ஒரு மில்லிமீட்டர்த் தகட்டுக்குள்ளேயே போய்த் திரும்பவேண்டியதாகிறது. நெம்புகோல் கை தகட்டின் தடிமனளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

திறந்த காரைப் பிளந்த குழாய் என்றே சொல்லிவிடுவது மிகையாகும். கூரை போனாலும் அதில் வேறு சில மூடிய குழாய்கள் எஞ்சியிருக்கின்றன. கதவுக்குக் கீழே, நாம் கால் தூக்கிவைத்து ஏறும் இடத்தில், முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி வடிவ உத்தரங்கள் இரண்டு, இருக்கைகளுக்கு நடுவே மேடாக ஓடும் சுரங்கம் ஒன்று, முன்சுவரும் பின்சுவரும். கூரையின் வேலை முழுவதும் இவற்றின் தலையில்தான் விழுகிறது. இதனால்தான், மூடிய காராகப் பிறந்து பிறகு திறந்த காராகவும் விற்கப்படும் வண்டிகளில், திறந்த வண்டியே பெரும்பாலும் எடை கூடியதாக இருக்கிறது. கூரையைக் கழித்தும் எடை கூடுவதா என்று வியக்கவேண்டாம். கழித்த தகட்டைவிட, அடியில் சேர்த்த தகடு அதிகம்.

ஜீப்புக்கு மட்டும் இந்தத் தொல்லை ஏன் இல்லை? ஜீப்பின் அடியில் ஏணி போன்ற தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது. எஞ்சினும் சக்கரங்களும் அதில்தான் பூட்டப்பட்டுள்ளன. மேலே உள்ள உடல், கட்டிலின்மேல் வைத்த மெத்தையைப் போன்றது. அதில் கூரை இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன?

ஒரே குடும்பம், இரண்டு விடைகள்

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று இங்கே உதவும். 1950-களில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்கு ஒரு சிக்கல் ஏற்பட்டது. கார்களுக்கு உடல் செய்துகொடுத்து வந்த ஆலை, போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. முழு உடலையும் ஒரே கூடாகச் செய்துதர ஆள் இல்லை. ஆகவே, உடலைத் துண்டு துண்டாகச் செய்து, போல்ட் போட்டு இணைத்து, பழைய முறைப்படி தனிச் சட்டத்தின் மேல் உட்காரவைத்தார்கள். வடிவம் அமைத்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1959-இல் வெளிவந்த அந்தக் காரே டிரையம்ஃப் ஹெரால்டு.

1961 முதல் இதே கார், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில், சென்னையை அடுத்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் தயாராயிற்று. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து முன்னால் கவிழ்ந்து திறக்கும் அதன் விந்தையைப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். நான்கு கதவு ஹெரால்டு என்பது இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. அதன் பின்சக்கர அச்சுகள் இரண்டும் இறக்கைகள்போல் தனித்தனியே மேலும் கீழும் அசைபவை. வேகமாக வளைவில் திரும்பும்போது வண்டியின் பின்புறம் எழும்பினால், சக்கரங்கள் உட்பக்கமாக மடங்கிப் பிடிப்பை இழக்கும். நம் ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இது பிடிக்கவில்லை. 1971-இல் ஹெரால்டுக்கு அடுத்து வந்த கேஸலில் ஒரே கட்டையான பின் அச்சுக்கு மாறிவிட்டார்கள்.

நமக்கு இங்கே வேண்டியது அதன் கூரை. ஹெரால்டின் கூரையும் போல்ட்டால் பூட்டப்பட்டதுதான். சட்டம் தனியே இருந்ததால், 1960-இலேயே இங்கிலாந்தில் திறந்த ஹெரால்டை எளிதில் கொண்டுவர முடிந்தது. 1962-இல் இதே சட்டத்தைக் குட்டையாக்கி, ஸ்பிட்ஃபயர் என்ற இரட்டை இருக்கைத் திறந்த காரை அதே கம்பெனி செய்தது. அப்போது எடையைக் குறைக்கவும் வண்டியைத் தாழ்வாக்கவும் விரும்பி, சட்டத்தின் வெளிப்பக்கக் கம்பங்கள் இரண்டையும் நீக்கிவிட்டு, அந்த வேலையைக் கதவுக்குக் கீழுள்ள பெட்டி உத்தரங்களிடம் ஒப்படைத்தார்கள்.

இதன் விளைவைப் பாருங்கள். ஹெரால்டில் கதவுக்குக் கீழே துரு விழுந்தால் கெடுவது பெரும்பாலும் அழகுதான். அதே இடத்தில் ஸ்பிட்ஃபயரில் துரு விழுந்தால் முதுகெலும்பில் நோய் என்று பொருள். ஒரே குடும்பம், ஒரே துரு, ஆனால் நோய் வேறு. ஆகவே ‘கொஞ்சம் துரு இருக்கிறது, பரவாயில்லை’ என்று விற்பவர் சொல்லும்போது, அந்தத் துரு எந்த உறுப்பில் இருக்கிறது, அந்த உறுப்பு எதைச் சுமக்கிறது என்று கேட்டாக வேண்டும்.

கூரை போல்ட்டால் பூட்டப்பட்டதுதானே, நாமே கழற்றிவிடலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். வெல்டிங் செய்த கூரையையே அறுத்து எடுத்தவர்களும் உண்டு. இயற்பியல் ஒருபுறம் இருக்க, சட்டமும் இதற்கு இடம் தருவதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை உறுதிசெய்தது. பதிவுப் புத்தகத்தில் ‘சலூன்’ என்றிருக்க, வண்டி மட்டும் மொட்டையாக வந்து நின்றால் அதைத் தொடவேண்டாம்.

பீரோவும் ஜாக்கியும்

இரும்பு பீரோவின் கதவு சில வீடுகளில் இடக்குச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். தரை சற்று மேடுபள்ளமாக இருந்தால் பீரோ இலேசாகக் கோணிக்கொள்ளும். கதவு சட்டத்தில் இடிக்கும். ஒரு காலுக்கடியில் அட்டையை மடித்துச் செருகினால் சரியாகிவிடும். கதவு திறந்திருக்கும் பீரோ என்பது ஒருபக்கம் இல்லாத பெட்டி. அதன் கோணலைக் காட்டிக்கொடுக்கும் கருவி அதன் கதவேதான்.

திறந்த காரையும் இப்படியே சோதிக்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முதலில் கதவின் முன்னும் பின்னும் உள்ள இடுக்குகளைக் கவனியுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கவேண்டும். மேலே நெருங்கியும் கீழே அகன்றும் இருந்தால், வண்டியின் நடுப்பகுதி தொய்ந்திருக்கிறது என்று பொருள். இரு முனைகளிலும் தாங்கிய பலகை நடுவில் தொய்யும்போது மேல்புறம் சுருங்கி, கீழ்புறம் நீள்கிறது அல்லவா? அதேதான். அடுத்து, முன்சக்கரம் ஒன்றன் பக்கத்தில், தயாரிப்பாளர் குறித்த இடத்தில் ஜாக்கி வைத்து, சக்கரம் தரையைவிட்டு எழும்வரை தூக்குங்கள். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள். வண்டிக்கு அடியில் யாரும் போகவேண்டாம். இப்போது கதவை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். நல்ல வண்டியில் இடுக்கு மயிரிழை மாறும். கதவு வழக்கம்போல் மூடும். உத்தரம் செத்த வண்டியில் கதவு திறக்காது, திறந்தால் மூடாது.

மறுநாள் காலை மாணவரும் நானும் விற்பவரின் ஷெட்டுக்குப் போய் இதைத்தான் செய்தோம். ஜாக்கி ஏறிற்று. கதவு திறந்தது. பிறகு மூடவில்லை; பூட்டின் நாக்கு தன் துளைக்கு ஒரு விரற்கடை கீழே போய் நின்றது. “பழைய வண்டின்னா இப்படித்தான் சார் இருக்கும்” என்றார் விற்பவர். துணி சுற்றிய காந்தம் ஒன்றை உத்தரத்தின்மேல் நகர்த்திச் சென்றேன். இரண்டு சாண் தூரத்துக்கு அது ஒட்டவே இல்லை. அங்கே இருந்தது இரும்பு அல்ல, பட்டி. டிங்கர் வேலை செய்யவேண்டிய இடத்தில் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே கண்ணாடி போன்ற பெயிண்ட் அடித்திருந்தார்கள். காந்தத்தைத் துணியில் சுற்றுவது பெயிண்ட் கீறாமல் இருக்க. காரியம் நடக்கும்போது இருபுறமும் மரியாதை குறையக்கூடாது.

ஓட்டிப் பார்க்கும்போதும் ஒரு சோதனை உண்டு. தார் பெயர்ந்த சாலையில் நாற்பது, ஐம்பது கி.மீ. வேகத்தில் செல்லும்போது ஸ்டியரிங்கும் முன் கண்ணாடிச் சட்டமும் நடுங்குகின்றனவா என்று பாருங்கள். திறந்த கார் எதுவாயினும் சிறிது நடுங்கும். அது எவ்வளவு என்பதே கேள்வி. எந்தப் பொருளுக்கும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அது விறைப்பின் இருபடி மூலத்தைப் பொறுத்தது. ஒரு திறந்த காரின் உடல் வினாடிக்கு 18 முறை முறுக்கி அதிரக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். மேடுபள்ளத்தில் சக்கரங்கள் துள்ளும் அதிர்வெண் பொதுவாக 10 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை. இரண்டுக்கும் இடைவெளி இருக்கும்வரை தொல்லையில்லை. துரு தின்று விறைப்பு பாதியானால், உடலின் அதிர்வெண் 18-ஐ 1.41-ஆல் வகுத்த 12.7 ஆகக் குறைகிறது. அதாவது, சக்கரத் துள்ளலின் எல்லைக்குள் நேராக வந்து விழுகிறது. அப்போது ஏற்படுவது ஒத்ததிர்வு. ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளுவதுபோல் ஒவ்வொரு பள்ளமும் வண்டியைக் குலுக்குகிறது. அந்தக் குலுக்கல் வெல்டிங்குகளை மேலும் தளர்த்துகிறது. பின்புறம் நோக்கும் கண்ணாடியில் தெரியும் உருவம் கலங்கினால், அந்தக் கலங்கலுக்குப் பின்னால் இவ்வளவு இயற்பியல் இருக்கிறது!

உப்பு

இந்த உத்தரங்கள் ஏன் முதலில் மடிகின்றன? மழைக்காலத்தில் சமையலறையில் உப்பு ஜாடி கசிவதை அனைவரும் அறிவர். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கோ 33 விழுக்காடே போதும். கடலூர் போன்ற கரையோர ஊரில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அரிது. ஆகவே, அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் வந்து தகட்டின்மேல் படிந்தால், அந்தப் படலம் முழுமையாக உலர்வதே இல்லை. மழை பெய்யாவிட்டாலும் கார் நனைந்தே இருக்கிறது. நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்ச்சி. ஓரிடத்தில் இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து கரைகிறது. வேறோரிடத்தில் ஆக்சிஜனும் நீரும் அவற்றைப் பெற்றுக்கொள்கின்றன. இரண்டையும் இணைக்கும் மின்பகுளிக் கரைசலாக உப்புநீர் விளங்குகிறது. குளோரைடு அயனி இன்னொரு தீங்கும் செய்கிறது: இரும்பின் மேலுள்ள காப்புப் படலத்தைத் துளைத்துவிடுகிறது. இதில் கவனிக்கவேண்டிய விந்தை என்னவென்றால், கரைவது ஆக்சிஜன் மிகுந்த வெளிப்புறம் அல்ல. ஆக்சிஜன் எட்டாத இடுக்கு. இரண்டு தகடுகள் மடிந்து சேரும் மூலை, சேறு அடைந்த பெட்டியின் அடி, ஈரக் கம்பளத்தின் கீழ்ப்புறம் ஆகியவையே முதலில் அழிகின்றன. பிறக்கும் துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், தகடுகளை நெம்பிப் பிரித்து மேலும் நீருக்கு வழிசெய்கிறது. பெயிண்ட் கொப்பளிப்பது கண்ணில் படும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

திறந்த காரில் இது இன்னும் கடுமை. துணிக் கூரையின் ஓரங்களில் நீர் கசியாத வண்டி அரிது. கசிந்த நீர் கம்பளத்தில் ஊறி, தரையின் ஓரத்துக்கு வழிந்து, அந்த உத்தரத்துக்குள்ளேயே போய்ச் சேருகிறது. கூரையின் பங்கைச் சுமக்க வந்த உறுப்பே, கூரையில்லாததால் நனையும் உறுப்பும் ஆகிறது.

எங்கள் மாவட்டத்தில் வண்டி வாங்குகிறவர் வெள்ளத்தையும் நினைவில் வைக்கவேண்டும். 2015 இறுதியில் பெய்த மழை, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலையடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் ஆகியவற்றில் நின்ற வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வருவது இயல்பே. இருக்கை நகரும் தண்டவாளத்தின் அடியிலும், விளக்குகளின் உள்ளேயும், ஃப்யூஸ் பெட்டியின் பின்னாலும் வண்டல் தங்கியிருக்கும். துடைப்பவர் கை அங்கெல்லாம் போவதில்லை.

அப்படியானால் துருவே பிடிக்காத ஃபைபர் கிளாஸ் உடல் கொண்ட கார் மேலல்லவா? நம் நாட்டிலேயே அப்படி ஒன்று வந்தது. பெங்களூரைச் சேர்ந்த சான் மோட்டார்ஸ் 1998-இல் அறிமுகப்படுத்திய ஸ்டார்ம், இரண்டு இருக்கைகளும் 1,149 க.செ.மீ. ரெனோ எஞ்சினும் கொண்ட சிறிய திறந்த கார். இப்போது அது தயாரிப்பில் இல்லை. பழைய வண்டிகளைத்தான் தேடவேண்டும். அதன் மேல்தோல் துருப்பிடிக்காது என்பது உண்மையே. ஆனால் சக்கரங்களைத் தாங்கும் கைகள், பிரேக் குழாய்கள், போல்ட்டுகள் எல்லாம் இரும்பு. மேலே பளபளப்பு மாறாமலே இருப்பதால், அடியில் பார்க்கவேண்டும் என்ற எண்ணமே வராமல் போகக்கூடும். பார்வைக்கு நல்ல வண்டி என்பது ஃபைபர் உடலைப் பொறுத்தவரை எந்தச் சான்றும் ஆகாது.

பழுது பார்த்தல்

மாணவரின் கதைக்கு வருவோம். விலையைப் பாதிக்கு மேல் குறைத்துக்கொள்ள விற்பவர் ஒப்புக்கொண்டார். காந்தம் ஒட்டாத இரண்டு சாணைக் கண்ணால் கண்ட பிறகு அவருக்கு வேறு வழியில்லை. மாணவர் வண்டியை வாங்கினார். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்; மாடிக்கு வைத்த பணம் மாடிக்கே போயிருக்கலாம். ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினார். அது வேறு விஷயம்.

டிங்கர் வேலையில் ஒரு நுட்பம் உண்டு. உத்தரத்தை அறுத்து எடுக்கும் நேரத்தில், அதுவரை எஞ்சியிருந்த விறைப்பும் போய்விடும். வண்டி நடுவில் மடிந்து நிற்கும். அந்த நிலையில் புதிய தகட்டை வெல்டிங் செய்தால் தொய்வு நிரந்தரமாகிவிடும். பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. ஆகவே, முதலில் வண்டியை நான்கு இடங்களில் சமமாகத் தாங்கி, இடுக்குகளைச் சரிசெய்து, கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய்களை மூலைவிட்டமாகப் பற்றவைத்துக்கொள்ள வேண்டும். செவ்வகம் கோணும், முக்கோணம் கோணாது என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடவேண்டும். இதைச் சொன்னபோது அந்த டிங்கர் சிரித்தார். “கட்டில் கால மாத்தும்போது கட்டிலப் பிடிச்சுக்கிட்டுத்தான சார் மாத்துவோம்?” என்றார். அவரிடம் வண்டியை விட்டது சரிதான் என்று எனக்குத் தோன்றியது. வேலை ஆறு வாரம் பிடித்தது. மாடி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று.

காற்றும் துணியும்

வண்டி ஓடத் தொடங்கியதும் மாணவர் ஒரு சந்தேகத்துடன் வந்தார். கூரையைத் திறந்துவிட்டு ஓட்டும்போது தலைமயிர் பின்னால் பறக்காமல் முகத்தின்மேல் விழுகிறதே, ஏன்? சினிமாவில் கதாநாயகியின் கூந்தல் பின்னால்தானே பறக்கிறது? சினிமாவில் பெரும்பாலும் காற்றாடி வைத்திருப்பார்கள். உண்மைக் காரில், முன் கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டிய காற்று நேரே பின்னால் போய்விடுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பள்ளம் ஏற்படுகிறது. அதை நிரப்பப் பின்புறக் காற்று சுழன்று முன்னோக்கி வருகிறது. பாலத்தின் தூணைத் தாண்டிய ஆற்றுநீர் தூணின் பின்னால் சுழித்து எதிர்த்து ஓடுவதைக் கெடிலத்தில் வெள்ளம் வரும்போது காணலாம்.

கூரையை மூடினாலும் காற்று விடுவதில்லை. மணிக்கு 80 கி.மீ. என்பது வினாடிக்கு 22 மீட்டர். இந்த வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 285 நியூட்டன். துணிக் கூரையின் மேல் விரையும் காற்றில் அழுத்தம் குறைவதால், உள்ளிருக்கும் காற்று துணியை மேலே தள்ளுகிறது. அழுத்தக் குறைவு மேற்சொன்னதில் பாதி என்றும், கூரையின் பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டர் என்றும் கொண்டால், துணியை உயர்த்தும் விசை இருபது கிலோ எடைக்குச் சற்று அதிகம். துணி உப்பி நிற்பதன் காரணம் இதுவே. நைந்த தையல் பிரிவதும் இங்கேதான். விலை பேசும்போது கூரையை நீங்களே ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். புதுத் துணிக்கூரை தைத்துப் பொருத்துபவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. பிளாஸ்டிக்கில் செய்த பின் சன்னல், புறஊதாக் கதிர் பட்டு மஞ்சளாகி வெடித்திருக்கும். அதற்கும் சேர்த்துக் கணக்கிடவேண்டும்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு சொல். இன்று நம் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களை இளக்கும், நீரையும் ஈர்க்கும். வண்டி வாரக்கணக்கில் நின்றால், ஈர்த்த நீர் இரும்பு டாங்கின் அடியில் பிரிந்து தங்கித் துருவுக்கு வழிவகுக்கும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதும், காற்று-பெட்ரோல் கலவையைச் சற்றுச் செறிவாக்குவதும் அவசியம்.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதிவு 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படவேண்டும். அது நடந்திருக்கிறதா, சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். புதுச்சேரிப் பதிவு வண்டியாயின் அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல அமைப்பு மாறாத வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியே பதிவுசெய்ய 2021-இல் விதி வந்திருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியில் நாள்தோறும் வேலைக்குப் போக முடியாது. கண்காட்சி, பேரணி, பழுது பார்த்தல் போன்றவற்றுக்கே அனுமதி.

வாங்கிய பின் செய்யவேண்டிய வேலை பெரிதல்ல. ஆனால் விடாமல் செய்யவேண்டும். கதவுகளின் அடியிலும் உத்தரங்களின் அடியிலும் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால் அவற்றை மாதம் ஒருமுறை குத்திவிடவேண்டும். உத்தரத்தின் உட்புறத்தில் மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சலாம். அடிப்பகுதியை நன்னீரால் கழுவவேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரித்தால் அது பயனில்லை. கம்பளத்தை எடுத்து வெயிலில் போடவேண்டும். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுவது நன்மையைவிடத் தீமையே செய்யும். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லை. காற்றோட்டமுள்ள ஷெட்டே மேல்.

ஓட்டுவதற்கு ஏற்ற நேரம் எது? பங்குனி, சித்திரையில் விடியற்காலைப் பொழுதைச் சொல்வேன். இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால் அப்போது காற்று மேற்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அதில் உப்பு மிகக் குறைவு. சூரியன் ஏறி நிலம் சூடானதும் காற்று திசை மாறிக் கடலிலிருந்து வரத் தொடங்கும். அது மாறும் நேரத்தை மரக்கிளைகளைப் பார்த்தே அறியலாம். மாணவர் தம் வண்டியை அதற்குள் ஷெட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்.